செகண்ட் ஹேண்ட் கேரவன் வாங்கப் போறீங்களா? மெத்தையைத் தொட்டுப் பார்க்கும் முன் ஆர்.சி-யைப் பாருங்க!

கேரவன் என்றதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் பெரிய வண்டிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஹீரோவும் ஹீரோயினும் மேக்கப் போடவும் ஓய்வெடுக்கவும் பயன்படுத்துகிற வண்டி என்பதைத் தாண்டி, அது நமக்கானதில்லை என்றே நினைத்திருந்தோம். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. படுக்கை, குட்டி சமையல் மேடை, டாய்லெட் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் வீடியோக்கள் போனைத் திறந்தாலே வந்து நிற்கின்றன.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கையை அறிவித்தது. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி-யின் ஆதரவில் வளர்ந்த ஒரு கேம்பர் வேன் நிறுவனத்தோடு மஹிந்திரா கைகோத்தது. இதையெல்லாம் பார்த்து ஆசை வந்து, புதிதாக ஒன்றைக் கட்ட விலை கேட்டால் தலை சுற்றும். அடுத்து எல்லோரும் போய் நிற்கும் இடம், செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்.

பழைய கார் வாங்கிய அனுபவம் பலருக்கும் இருக்கும். அந்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும். ஏனென்றால், கேரவன் வாங்கும்போது ஒரே நேரத்தில் ஒரு பழைய வண்டியையும் ஒரு பழைய வீட்டையும் வாங்குகிறீர்கள். அந்த வீட்டை அந்த வண்டிக்குள் கட்டியதற்கு அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். உள்ளே ஏறியதும் கண்ணில் படுவது மெத்தை, எல்.இ.டி விளக்கு, டி.வி எல்லாம்தான். உங்கள் பணத்தையும் உயிரையும் காப்பாற்றுகிற விஷயங்களோ கண்ணில் படாத இடங்களில் இருக்கின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் காகிதம்

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே ஆர்.சி-யின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் வாகன வகை என்ன போட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 'மோட்டார் கேரவன்' அல்லது 'கேம்பர் வேன்' என்று இருந்தால் நல்லது. டெம்போ டிராவலர் மாதிரியான ஒரு வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டிருப்பார்கள். ஆனால், ஆர்.சி-யில் அது இன்னமும் பயணிகள் வேனாகவே இருக்கும். உள்ளே நான்கு சீட்டுதான் இருக்கும், ஆர்.சி-யோ 12 சீட்டு என்று சொல்லும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டத்தை மீறி வண்டியை மாற்றியமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது 182-ஏ பிரிவு. அப்படியென்றால் கேரவனே கூடாதா? அப்படியில்லை. கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்-124 என்று தனித் தரமே இருக்கிறது. அந்தத் தரத்துக்கு ஒப்புதல் வாங்கிக் கட்டி, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முறையாகப் பதிவுசெய்த வண்டியென்றால் பிரச்னை இல்லை. விற்பவரிடம் அந்த ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்' என்ற பதில் வந்தால், அங்கேயே எழுந்துவிடலாம்.

அபராதம் கட்டுவதோடு இது முடிந்துவிடாது. நாளை ஒரு விபத்து நடந்தால், ஆர்.சி-யில் ஒன்றும் வண்டியில் இன்னொன்றும் இருப்பதைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மை மறுக்க வாய்ப்பிருக்கிறது. பல லட்சம் போட்டு வாங்கிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தும் இல்லாத நிலை வந்துவிடும்.

ஆர்.சி-யில் இன்னும் சில விஷயங்களையும் கவனியுங்கள்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? மஞ்சள் போர்டு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற பர்மிட்டை ஒப்படைப்பது, வரி வித்தியாசத்தைக் கட்டுவது என்று தனி வேலை இருக்கிறது. அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். எஃப்.சி தேதியையும் பாருங்கள். வாடகை வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி காட்ட வேண்டும். 'சும்மா நிற்கிற நாளில் வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ கட்டிக்கலாம்' என்ற கணக்கில் வெள்ளை போர்டு வண்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளை போர்டை வாடகைக்கு விடக் கூடாது.

கடன் பாக்கி இருக்கிறதா? ஆர்.சி-யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெளிமாநில வண்டியா? டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், அங்கிருந்து வரும் வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். ஆனால், அங்கிருந்து ஃபார்ம் 28 என்.ஓ.சி வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால், 'சீப்' என்று நினைத்தது அப்படி இருக்காது.

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு, இன்ஷூரன்ஸ் தேதி, எஃப்.சி தேதியெல்லாம் ஆர்.சி-யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அபராத பாக்கி இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். நேரில் போகும்போது சேஸிஸ் நம்பரின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து ஆர்.சி-யோடு ஒப்பிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட சோதனை

2024 டிசம்பரில், கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். வண்டி எதன் மீதும் மோதவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு உள்ளே பரவியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கண் எரியாது, இருமலும் வராது. ஏ.சி-க்காகக் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுத் தூங்கும்போது உள்ளே வந்தால், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதனால் ஜெனரேட்டர் உள்ள கேரவன் என்றால் இவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள்: ஜெனரேட்டர் இருக்கும் அறைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே முழுமையான தடுப்பு இருக்கிறதா? புகைக்குழாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வருகிறதா, இல்லை அடியிலேயே முடிந்துவிடுகிறதா? ஒயரும் பைப்பும் போவதற்காகத் தரையில் போட்ட ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா?

கார்பன் மோனாக்ஸைடு டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றுகொண்டு, டிடெக்டரை மட்டும் உள்ளே வைத்து, கதவுகளை மூடிவிட்டு ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அலாரம் அடித்தால் அந்த வண்டி வேண்டாம். அடிக்கவில்லை என்றாலும், ஜெனரேட்டரை ஓடவிட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் வேண்டாம். டிடெக்டரை, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.

அடுத்தது கேஸ் அடுப்பு. 2023 ஆகஸ்ட்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் அதற்குக் காரணம். கேரவனிலும் அதே மாதிரி குறுகலான இடம்தான், பெரும்பாலும் ஒரே கதவுதான்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டி, படுக்கும் பகுதியோடு தொடர்பில்லாமல் அடைத்து, அதன் அடியில் வெளிக்காற்றுக்குத் திறப்பு வைத்திருக்க வேண்டும். கேஸ் டிடெக்டரைத் தரைக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும். ரப்பர் டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கட்டிலுக்கு அடியில் சிலிண்டரைச் செருகி வைத்திருக்கிற வண்டியென்றால், அந்த அமைப்பையே பிரித்து மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

எலெக்ட்ரிக்கல் வேலையையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வெளியிலிருந்து 230 வோல்ட் கரன்ட் எடுக்கும் வண்டியில் எம்.சி.பி-யும் ஆர்.சி.சி.பி-யும் அவசியம். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கதவு ஜாம் ஆகிவிட்டால் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா? உங்கள் வீட்டுப் பாட்டியும் குழந்தையும் அந்த வழியாக இறங்க முடியுமா? தீயணைப்பான் காலாவதியாகாமல் இருக்கிறதா?

ஒழுகுதா, பாருங்க!

பழைய கேரவனைக் கொல்வது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, தண்ணீர்தான். மேற்கூரையில் ஏ.சி-க்கு ஒரு ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு ஓட்டை, சோலார் பேனல் திருகுகளுக்குப் பத்து ஓட்டை என்று துளைத்திருப்பார்கள். வெயிலில் சீலன்ட் காய்ந்து வெடிக்கும். மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் பிளைவுட்டுக்குள் ஊறும். மைக்கா ஷீட் ஒட்டியிருப்பதால் மேலே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பூட்டிக் கிடந்த வண்டியைக் காலையில் நீங்கள் வந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கதவைத் திறந்ததும் ஈர வாடை வருகிறதா? ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். ஜன்னல் ஓரம், கூரை மூலைகள், கட்டிலுக்கு அடிப்பகுதி, பாத்ரூம் சுவரின் மறுபக்கம் ஆகிய இடங்களில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ, தட்டும்போது சத்தம் மட்டும் மாறினாலோ உள்ளே ஊறியிருக்கிறது என்று அர்த்தம். மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைப் பாருங்கள். கூரையில் ஒரு பகுதிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, ஒரு ஹோஸ் பைப்பை வாங்கி, கூரைமேல் கால் மணி நேரம் தண்ணீரை விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கட்டும். விற்பவர் இதற்குத் தயங்கினால் காரணம் புரிந்துவிடும். மழைக்காலத்தில் வண்டி பார்க்கப் போவது இன்னும் நல்லது, செலவில்லாத சோதனை.

தண்ணீர் டேங்க்கை முழுதாக நிரப்பி, குழாய், ஷவர், டாய்லெட் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். கழிவுநீர் டேங்க்கைத் திறந்து காலிசெய்யும் முறையை விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். ஊர் சுற்றும்போது அந்த வேலை உங்களுடையது.

கீழே இருக்கிற வண்டி

இது உங்கள் மெக்கானிக்கின் வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைப் பார்ப்பது, அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது, மேடேற்றி ஓட்டிப் பார்ப்பதெல்லாம் எந்தப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான். கேரவனுக்கென்று மூன்று விஷயங்களைத் தனியாகப் பாருங்கள்.

ஒன்று, ஓடாத வண்டி நல்ல வண்டி என்று நினைக்காதீர்கள். ஷூட்டிங்குக்கு ஓடிய கேரவனில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும். ஆனால், நின்ற இடத்திலேயே ஜெனரேட்டர் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்கும். ஜெனரேட்டரின் ஹவர் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு, டயரின் வயது. நாள்கணக்கில் நின்ற வண்டியில் டயர் பட்டன் தேயாமல் இருக்கும், ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரித்தது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

மூன்று, எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். அலமாரி, கட்டில், ஜெனரேட்டர், ஆறு பேர், அவர்களின் லக்கேஜ் எல்லாம் சேர்ந்தால் வண்டியின் தாங்கும் திறனைத் தாண்டிவிடலாம். டேங்க்கை நிரப்பி, பக்கத்திலிருக்கும் எடை மேடையில் ஏற்றுங்கள். வரும் எடையோடு உங்கள் குடும்பத்தின் எடையையும் கூட்டி, ஆர்.சி-யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டினால் மலை இறக்கத்தில் பிரேக் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிகளை எல்.எம்.வி லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன் என்றால் ஹெவி லைசென்ஸ் வேண்டும்.

ஏ.சி எவ்வளவு நேரம் ஓடும்?

'பேட்டரியிலேயே நைட் ஃபுல்லா ஏ.சி ஓடும்' என்று விற்பவர் சொன்னால், போனில் கால்குலேட்டரைத் திறங்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் ஹவர். பழைய வகை லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, 900. ஒரு டன் ஏ.சி சுமாராக 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில் 30 வாட் ஃபேன் இரண்டை ஓட்டினால் இரவு முழுக்க ஓடும். லித்தியம் பேட்டரி என்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால், எத்தனை வருடப் பேட்டரி, எத்தனை வாரன்டி பாக்கி என்று பில்லோடு கேளுங்கள். நம் ஊர் வெயிலில் இந்தக் கணக்குத்தான் உங்கள் தூக்கத்தைத் தீர்மானிக்கும்.

விலை பேசுவது எப்படி?

வண்டியையும் வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 14 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம், அதே மாடல் சாதாரண வேன் மார்க்கெட்டில் 8 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால், மீதி 6 லட்சம் உள்ளே இருக்கும் வீட்டுக்கு. 'இன்டீரியருக்கே 9 லட்சம் செலவு பண்ணேன்' என்பார்கள். அது அவருடைய ரசனைக்கான செலவு. பிளைவுட், பேட்டரி, ஏ.சி எல்லாமே வருடத்துக்கு வருடம் மதிப்பிழக்கும் பொருள்கள். பேட்டரி மாற்ற, டயர் மாற்ற, கூரைக்கு மறுபடி சீலன்ட் போட, காகித வேலைக்கு என்று நீங்கள் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். பட்டியலோடு பேசினால் குறைத்துக் கேட்பதில் சங்கடம் இருக்காது.

விலை படிந்ததும் ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். உள்ளே இருக்கும் ஏ.சி, சோலார், பேட்டரி மாதிரியான பொருள்களைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவற்றுக்கு இழப்பீடு கேட்பது கஷ்டம்.

நிறுத்த இடம் இருக்கா?

நீளமான டெம்போ டிராவலர் சுமார் 7 மீட்டர் இருக்கும். உங்கள் தெருவில் திருப்ப முடியுமா, வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். கூரையில் ஏ.சி இருந்தால் உயரத்தையும் அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். ரயில்வே சப்வேக்களில் உதவும்.

மலைக்குப் போகும் ஆசை இருந்தால் இன்னும் சில கணக்குகள் இருக்கின்றன. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. முதுமலை வழியாக பந்திப்பூரைக் கடக்கும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை.

கையில் வைத்துக்கொள்ள ஒரு லிஸ்ட்

* ஆர்.சி-யில் வாகன வகை, சீட் எண்ணிக்கை, மொத்த எடை ஆகியவை வண்டியோடு ஒத்துப்போகின்றனவா?
* கேரவனாகக் கட்டியதற்கான ஒப்புதல் சான்றிதழ் இருக்கிறதா?
* கடன் என்.ஓ.சி, ஃபார்ம் 35, இ-சலான் பாக்கி பார்த்தாச்சா?
* ஜெனரேட்டர் சோதனை டிடெக்டரோடு முடிந்ததா?
* சிலிண்டர் பெட்டி, இரண்டாவது வெளியேறும் வழி, தீயணைப்பான்?
* ஹோஸ் பைப் சோதனையில் உள்ளே ஈரம் வந்ததா?
* எடை மேடைச் சீட்டு கையில் இருக்கிறதா?
* டயர், பேட்டரியின் தேதிகளை எழுதியாச்சா?

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு மெக்கானிக், ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு கார்பென்டர் என மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரைநாள் கூலி கொடுத்தாலும், பல லட்ச ரூபாய் முடிவுக்கு அது பெரிய செலவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்யலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன், இதே அளவுள்ள ஒரு கேரவனை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஏறி ஒரு இரவு தூங்கிப் பாருங்கள். அம்மாவால் அந்தப் படியில் ஏற முடிகிறதா, அந்தக் குட்டி டாய்லெட்டை அப்பாவால் பயன்படுத்த முடிகிறதா, பிள்ளைகள் இரண்டாம் நாளும் உற்சாகமாக இருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் நஷ்டம் இரண்டு நாள் வாடகை மட்டும்தான். வேண்டும் என்று முடிவெடுத்தால், எந்த வசதி இல்லாமல் உங்கள் குடும்பத்தால் இருக்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தே அடுத்த வண்டியைப் பார்க்கப் போவீர்கள்.